திருட்டுக்குப் பொருந்தாத வாரண்டி

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் அவர்களுக்கும், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும்,



வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் பில் போடும் இடத்தில் விற்கப்படும் எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பற்றி எழுதுகிறேன். டிவியைப் பார்த்து, விலை பேசி, தவணைக்குக் கையெழுத்தும் போட்ட பிறகு விற்பனையாளர் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினா மூணு வருஷத்துக்கு ஃபுல் கவர் சார். என்ன ஆனாலும் நாங்க பாத்துக்கறோம்." மாதக் கெடு வைத்து நிறுவனம் விரட்டும் அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, திருட்டுப் போனால் அதில் ஒரு ரூபாயும் கிடைக்காது என்பது தெரியாது.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த நேரத்தில், பூட்டை உடைத்து டிவியையும் லேப்டாப்பையும் மைக்ரோவேவ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டிவி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பில், வாரண்டி அட்டை, தவணைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார் அந்த அம்மா. அவருடன் கடைக்கு நானும் போனேன். அட்டையின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஆங்கிலம். திருட்டு, தொலைந்துபோதல், தீ, வெள்ளம் எதற்கும் பொருந்தாது என்று நடுவில் ஓரிடத்தில் இருந்தது. மேலாளர் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. தயாரிப்பாளர் தரும் வாரண்டி ஓராண்டு. அது முடிந்த பிறகுதான் காசு கொடுத்து வாங்கிய வாரண்டி தொடங்கும். அதாவது, எட்டாவது மாதத்தில் களவுபோன டிவிக்கு அது ஒரு நாள்கூட நடப்பில் இருந்ததில்லை. அந்தப் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டோம். விதியில் இடமில்லை என்றார்கள். டிவி போய்விட்டது, அதற்கான தவணை மட்டும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

வாரண்டி திருட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொருளுக்குள் வரும் பழுதுக்கு வாரண்டி, வெளியிலிருந்து வரும் இழப்புக்குக் காப்பீடு. இந்த வேறுபாடு நியாயமானதுதான். ஆனால் அதை, வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. செல்போன்களுக்கு விற்கும் சில திட்டங்களில் திருட்டுக்கும் காப்பீடு சேர்ந்து வருவதால், எல்லாத் திட்டமும் அப்படித்தான் என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால்? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஆணையம் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' நல்ல திட்டம். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் தானாகவே கிடைக்கிறது. வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருட்டு விஷயத்தில் அதன் அடிப்படைப் பாலிசி கைவிட்டுவிடுகிறது. தீ, வெள்ளம் போன்ற ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் களவு போனால்தான் இழப்பீடு. சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் அதற்குத் தனியாகப் பாலிசி எடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தனிப் பாலிசியிலும் சிக்கல் உண்டு. பூட்டையோ கதவையோ உடைத்ததற்கு அடையாளம் கேட்பார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம், ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில், பாலிசியின் வாசகப்படி காப்பீட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், சாதாரண மனிதன் திருட்டுக்காகத்தான் இந்தப் பாலிசியை எடுக்கிறான், பலப்பிரயோகத்தை நிரூபிக்க வேண்டும் என்பது அவனுக்கு எப்படிப் புரியும், வாசகத்தை மாற்றுங்கள் என்ற கருத்தில் அறிவுரையும் சொன்னது. 2021இல் புதிய திட்டத்தை வகுத்தபோது இதைச் சரிசெய்ய ஆணையத்துக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. இப்போதாவது வீடு புகுந்து திருடுவதை அடிப்படைப் பாலிசிக்குள் கொண்டுவாருங்கள். தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போனால் பல நேரம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுகிறார்கள், காப்பீட்டு நிறுவனமோ எஃப்.ஐ.ஆர். இல்லாமல் கோப்பைத் திறப்பதில்லை. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

அமைச்சர் அவர்களே, உங்கள் துறையிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2022இல் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன. 2023இல் இணைய விற்பனைத் தளங்களின் தந்திரங்களைத் தடுக்க வந்த வழிகாட்டுதல்கள், வாங்குகிறவர் கேட்காத சேவையைக் கூடையில் நுழைப்பதைத் தடை செய்தன. பில் போடும் இடத்தில் தமிழில் வாய்மொழியாகக் கொடுக்கும் தவறான உறுதியும் சட்டப்படி குற்றம் காணத்தக்கதுதான், ஆனால் அங்கே அதை யாரும் தடுப்பதில்லை.

ஆகவே, காசு வாங்கும் முன் தமிழில் ஒரு பக்கத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கக் கடைகளைக் கட்டாயப்படுத்துங்கள். எதற்குப் பொருந்தாது என்பதும், வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதும் அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் யோசித்து, வேண்டாம் என்று சொல்ல சில வாரம் அவகாசம் கொடுங்கள். வாரண்டி தொடங்கும் முன்பே பொருள் களவுபோனால், காவல் துறை ஆவணத்தைக் காட்டியதும் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். வரும் தீபாவளி விற்பனைக்கு முன்பே இந்த உத்தரவு கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர்