ஊர் சுற்றிக் காட்டும் பஸ்: லைசென்சு கொடுத்தால் மட்டும் போதுமா?

ஊர் பார்க்க வருகிறவர் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறார். ஊரில் குடியிருப்பவரோ ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறார். ஒருவருக்கு அந்தத் தெரு வேடிக்கை பார்க்கும் இடம். மற்றவருக்கு அதே தெரு வீட்டு வாசல்.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு பஸ் வந்து நிற்கிறது. ஊர் சுற்றிக் காட்டும் பஸ் அது. அந்த பஸ்சுக்கு லைசென்சு கொடுக்கலாமா? கொடுத்தால் எந்தத் தெருவில் விடுவது? எந்தத் தெருவில் விடக் கூடாது? உல்லாசப் பயணிகள் வந்து குவியும் பல நகரங்களில் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது.

அமெரிக்காவில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரமும் இதற்கு விடை தேடியது. அந்தக் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், முழு விடை கிடைப்பதற்கு முன்பே அங்கே ஓர் உயிர் போய்விட்டது.

மேடும் பள்ளமுமான நகரம்

சான் பிரான்சிஸ்கோ, கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பசிபிக் சமுத்திரம். மறு பக்கம் வளைகுடா. நகரத்தின் பரப்பு சுமார் 47 சதுர மைல்தான். அதற்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள்.

ஊர் முழுவதும் குன்றுகள். தெருக்கள் செங்குத்தாக ஏறி இறங்குகின்றன. பூமிக்கு அடியில் ஓடும் இரும்புக் கம்பியால் இழுக்கப்படும் கேபிள் கார்கள் 1873-ம் ஆண்டில் இங்கே ஓடத் தொடங்கின. இன்றும் ஓடுகின்றன. 1937-ம் ஆண்டில் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலம், உலகம் அறிந்த பாலம்.

இவற்றை எல்லாம் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஓட்டல் சிப்பந்தி, கடைக்காரர், டாக்சி டிரைவர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் அடுப்பு எரிகிறது.

வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட மாடி பஸ்கள் உண்டு. மேல் தட்டுக்குக் கூரை கிடையாது. ஒரு முறை டிக்கெட் வாங்கினால், வேண்டிய இடத்தில் இறங்கிப் பார்க்கலாம். பின்னால் வரும் அடுத்த பஸ்சில் ஏறிக்கொள்ளலாம். குன்று ஏற முடியாத முதியவர்களுக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கும் இது பெரிய உதவி. ஆளுக்கு ஒரு காரில் வருவதைவிட, ஐம்பது பேர் ஒரே பஸ்சில் வருவது தெருவுக்கும் நல்லதுதான்.

அப்படியானால் குடியிருப்பவர்களுக்கு என்ன குறை?

ஏழு சகோதரிகள்

அலமோ சதுக்கம் என்று ஒரு பூங்கா. அதன் எதிரே ஸ்டைனர் தெருவில் வரிசையாகச் சில மர வீடுகள் நிற்கின்றன. 1890-களில் கட்டப்பட்டவை. 1906-ம் ஆண்டில் பெரும் பூகம்பமும் தீயும் நகரத்தை அழித்தபோதும் தப்பிப் பிழைத்தவை. வண்ணம் தீட்டிய இந்த வீடுகளை "ஏழு சகோதரிகள்" என்று செல்லமாக அழைக்கிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் நகரத்தின் வானளாவிய கட்டடங்கள் தெரியும். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

ஆனால் அவை பொருட்காட்சிச் சாலைகள் அல்ல. அக்கம் பக்கத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் புகை வீட்டுக்குள் வருகிறது. என்ஜின் உறுமல் கேட்கிறது. மாடி பஸ்சின் மேல் தட்டில் இருப்பவருக்கு மாடி வீட்டின் ஜன்னல் நேர் எதிரே இருக்கிறது. ஒரு நாள் என்றால் பொறுக்கலாம். தினமும் என்றால்? "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி அல்லவா?

குடியிருப்பவர்கள் முறையிட்டார்கள். 2013-ம் ஆண்டில் நகரப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு முடிவு செய்தது. அந்தச் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் சுற்றுலா பஸ்கள் வரக் கூடாது. பார்க்க விரும்புகிறவர்கள் தள்ளி இறங்கி நடந்து வரட்டும். வீடுகளும் இருக்கின்றன. பார்ப்பவர்களும் வருகிறார்கள்.

தெரு யாருக்குச் சொந்தம்?

குடியிருப்பவர் கேட்டதை எல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பதல்ல. அதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைக் காட்டியதும் இதே நகரத்துத் தெரு ஒன்றுதான்.

லம்பார்டு தெருவில் ஒரு பகுதி, பாம்பு போல எட்டு முறை வளைந்து கீழே இறங்குகிறது. சரிவு அதிகம் என்பதால், வண்டிகள் பத்திரமாக இறங்குவதற்காக 1922-ம் ஆண்டில் அப்படி அமைத்தார்கள். மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த வளைவுகளைப் பார்க்க ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் வருகிறார்கள். பெரிய பஸ்களுக்கு அங்கே இடம் இல்லை. ஆனால் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தன் வீட்டுக்குத் தானே வந்து சேர முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

காரில் வருகிறவர்கள் முன்பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். மாநிலச் சட்டசபையும் இதற்கு இணங்கியது. ஆனால் 2019-ம் ஆண்டில் கவர்னர் கேவின் நியூசம் அந்த மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பொதுத் தெருவைப் பார்க்கக் காசு கேட்டால், ஏழை எளியவர்களுக்குக் கதவு அடைபட்டுவிடும் என்பது அவருடைய கவலை.

அந்தக் கவலை நியாயமானது. தெரு பொதுச் சொத்து. குடியிருப்பவருக்கு அங்கே நிம்மதி வேண்டும். ஆனால் வாசலில் குடியிருக்கிறார் என்பதற்காகத் தெருவே அவருக்குச் சொந்தமாகிவிடாது. "என் தெருவில் வேண்டாம், அடுத்த தெருவில் போகட்டும்" என்று ஒவ்வொருவரும் சொன்னால், கடைசியில் பஸ் எங்கே போகும்? வாய் பேசத் தெரியாத ஏழைகள் வாழும் தெருவுக்குத்தான் போகும்.

ஓட்டுவதா? பேசுவதா?

புகையும் சத்தமும் தொல்லைதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று கண்ணில் படாமல் இருந்தது.

ஊர் சுற்றிக் காட்டும் வண்டிகள் சிலவற்றில் டிரைவர்தான் வழிகாட்டி. ஒரே ஆள் வண்டியையும் ஓட்டுவார். ஒலிபெருக்கியில் பேசவும் செய்வார். "இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். பயணிகளுக்கும் சிரிப்பு, கலகலப்பு. யாரும் இதைத் தவறு என்று நினைக்கவில்லை.

2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம். நகர மண்டபத்தின் அருகே, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒரு மாது சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கேபிள் கார் போல அலங்கரித்த சுற்றுலா வண்டி ஒன்று அவர் மீது மோதியது. அவர் இறந்தார். அந்த வண்டியின் டிரைவர் பயணிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே ஓட்டி வந்தவர்.

நகரம் அதிர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவின் நகரசபைக்கு "மேற்பார்வையாளர் சபை" என்று பெயர். அதன் உறுப்பினர் நார்மன் யீ ஒரு சட்டம் கொண்டுவந்தார். வண்டி ஓட்டும்போது டிரைவர் வழிகாட்டி வேலை பார்க்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். சபை அதை நிறைவேற்றியது.

ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க வேண்டும். பேசுகிறவர் பேசட்டும். இவ்வளவு சிறிய உண்மைக்குச் சட்டம் வர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

பட்டியலில் இல்லாத பஸ்

அடுத்த ஆண்டே இன்னொரு விபத்து. 2015-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி பிற்பகல். நகரத்தின் கடைவீதியான யூனியன் சதுக்கத்தில் ஒரு மாடி பஸ் தறிகெட்டு ஓடியது. சைக்கிளில் போனவர், நடந்து போனவர், கார்கள் என்று வழியில் வந்தவர்கள் மீது மோதியது. கடைசியில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சாரத்தில் மோதி நின்றது. சுமார் 20 பேர் காயம் அடைந்தார்கள்.

விசாரித்தபோது ஓர் உண்மை வெளிவந்தது. அந்த பஸ், அதிகாரிகளின் பட்டியலிலேயே இல்லை!

கலிபோர்னியாவில் சுற்றுலா பஸ் கம்பெனிக்கு அனுமதி கொடுப்பது மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டுக் கமிஷன். வண்டிக்கு நம்பர் கொடுப்பது மோட்டார் வாகன இலாகா. பிரேக், டயர் முதலியவற்றைச் சோதிப்பது நெடுஞ்சாலைப் போலீஸ். புது பஸ் வாங்கினால் கம்பெனி கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த பஸ்சைப் பற்றித் தெரிவிக்கவில்லை. அதனால் நெடுஞ்சாலைப் போலீசார் அதைச் சோதிக்கவும் இல்லை. கம்பெனிக்கு லைசென்சு இருந்தது. ஆனால் பஸ்சை யாரும் பார்க்கவில்லை.

மூன்று அலுவலகங்கள் இருந்தன. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை. பத்துப் பேர் காவல் காக்கும் வீட்டில் ஒருவரும் கதவைத் தாழிடவில்லை என்பது போல ஆயிற்று!

பிறகு வந்த சட்டங்கள்

2016-ம் ஆண்டில் கலிபோர்னியா இரண்டு சட்டங்கள் இயற்றியது. வண்டிக்கு நம்பர் கொடுக்கும் இலாகாவும் லைசென்சு கொடுக்கும் கமிஷனும் தகவலைப் பகிர்ந்துகொள்ள ஒரு சட்டம் வழி செய்தது. உள்ளூர் நிர்வாகங்கள் நெடுஞ்சாலைப் போலீசுடன் சேர்ந்து சுற்றுலா பஸ்களைக் கூடுதலாகச் சோதிக்க இன்னொரு சட்டம் வழி செய்தது.

2017-ம் ஆண்டில் மூன்றாவது சட்டம் வந்தது. லாஸ் ஏஞ்சல்சில் சினிமா நட்சத்திரங்களின் வீடுகளைக் காட்டுவதற்காகக் கூரை இல்லாத வண்டிகள் மலைப் பாதைகளில் ஓடுகின்றன. பாதை குறுகல். வளைவு அதிகம். ஒலிபெருக்கிச் சத்தம் வேறு. அங்கே குடியிருந்தவர்கள் நீண்ட காலமாகக் குறை சொல்லி வந்தார்கள். ஆபத்தான பாதைகளில் இந்த வண்டிகளைத் தடுக்கவும், ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தவும் உள்ளூர் நிர்வாகத்துக்கு இந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது.

நியூயார்க் நகரத்திலும் ஒலிபெருக்கித் தொல்லை இருந்தது. அங்கே 2010-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். திறந்த மாடி பஸ்களில் ஒலிபெருக்கிக்குப் பதில், பயணிகள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி வைக்க வேண்டும். பஸ் நிற்கவில்லை. வியாபாரம் கெடவில்லை. கேட்க வேண்டியவர் காதில் மட்டும் கேட்கிறது. தெருவில் குழந்தை தூங்குகிறது. மனம் இருந்தால் இப்படி எத்தனையோ வழி உண்டு.

லைசென்சு என்றால் என்ன?

லைசென்சு என்பது கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரசீது அல்ல. அது ஒரு வாக்குறுதி. "இந்த வண்டியை நாங்கள் பார்த்தோம். இதில் நம்பி ஏறலாம். இதன் எதிரே நம்பி நடக்கலாம்" என்று நகரம் தன் மக்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதி.

எனவே லைசென்சு கொடுக்கும் முன் நகரசபை நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: கம்பெனிக்கு மட்டும் அல்ல, ஒவ்வொரு பஸ்சுக்கும் தனித்தனியே சோதனை வேண்டும். சோதித்த தேதியைப் பயணிகள் கண்ணில் படும்படி பஸ்சிலேயே ஒட்ட வேண்டும்.

இரண்டு: டிரைவர் ஓட்டுவதற்கு மட்டுமே. விளக்கம் சொல்லத் தனி ஆள் வேண்டும். அல்லது, பதிவு செய்த குரல் போதும்.

மூன்று: எந்தத் தெரு, எந்த நேரம், எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யும் முன் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பணக்காரர் தெரு, ஏழைகள் தெரு என்ற வித்தியாசம் கூடாது.

நான்கு: குறை சொல்ல ஒரே ஓர் இடம் இருக்க வேண்டும். "அது எங்கள் இலாகா அல்ல" என்ற பதில் யாருக்கும் கிடைக்கக் கூடாது.

இதற்கெல்லாம் செலவு ஆகும் என்று கம்பெனிகள் சொல்லும். உண்மைதான். தனி வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுத்தால் டிக்கெட் கொஞ்சம் உயரலாம். ஆனால் நகரத்தின் அழகைக் காட்டித்தான் அந்தக் கம்பெனி பிழைக்கிறது. பாலத்தைக் கட்டியது கம்பெனி அல்ல. அழகிய வீடுகளுக்கு வண்ணம் பூசிக் காப்பாற்றி வருவதும் கம்பெனி அல்ல. ஊரை வைத்துச் சம்பாதிப்பவர் ஊருக்காகக் கொஞ்சம் செலவு செய்வது நியாயம்தானே?

சுற்றுலா பஸ்சைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை. இன்று வாசலில் நின்று முணுமுணுப்பவரும் நாளை விடுமுறையில் வேறோர் ஊருக்குப் போவார். அங்கே மாடி பஸ்சில் ஏறி, முன் வரிசையில் இடம் பிடித்து, குழந்தைகளுக்கு ஊரைக் காட்டி மகிழ்வார். அந்த ஊரிலும் யாரோ ஒருவருடைய வாசல் வழியாகத்தான் அந்த பஸ் போகும்.

அந்த வாசலில் இருப்பவரும் நிம்மதியாக இருக்க வேண்டும். பஸ்சில் இருக்கும் குழந்தையும் பத்திரமாக இறங்க வேண்டும். சாலையைக் கடப்பவரும் வீடு போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றையும் உறுதி செய்யாத லைசென்சு வெறும் காகிதம்.

விபத்து நடந்த பிறகு சட்டம் செய்வது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போன்றது. சான் பிரான்சிஸ்கோ விலை கொடுத்துப் படித்துவிட்டது. மற்ற நகரங்கள் அந்தப் பாடத்தை இலவசமாகப் படித்துக்கொள்ளலாம்.