பூட்டி வைத்த சிரிப்பு

விழுப்புரத்தில் ஒரு கூட்டம். பழைய வானொலி ஹாஸ்யத்தையும் குறுக்கெழுத்துப் புதிர்களையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் படியிறங்கினேன். ஒரு பெரியவர் வழிமறித்துக்கொண்டார்.

"நாவல் எழுதுகிறவர் நீங்கள். மேடையேறிப் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா? அதெல்லாம் பொழுது போகாதவர்கள் செய்கிற காரியமல்லவா?" என்றார்.

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கும்பிட்டுவிட்டு ஓடிவந்தேன். ரயில் புறப்பட்டுத் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்கார்ந்துகொண்டன. அவற்றை அவருக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

பெரியவர் தமிழபிமானி. ஆகவே அவர் மறுக்க முடியாத சாட்சியையே முதலில் அழைக்கிறேன். தொல்காப்பியர் செய்யுளை ஏழு வகையாகச் சொன்னார். பாட்டும் உரையும் நூலும் உட்கார்ந்த அதே பந்தியில் பிசியையும் அங்கதத்தையும் உட்கார வைத்தார். பிசி என்பது விடுகதை. அங்கதம் என்பது நையாண்டி. இலக்கணம் வகுத்தவரே பக்கத்தில் இலை போட்டு மரியாதை செய்த இருவரை எழுந்து போகச் சொல்ல நாம் யார்?

இரண்டாவது சாட்சி அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விக்கிரவாண்டி வட்டத்தில் எண்ணாயிரம் என்று ஒரு சிற்றூர். ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணாக்கர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று நடந்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது. காளமேகப் புலவர் பிறந்த ஊரும் அதுதான் என்று ஒரு வழக்கு உண்டு. அந்த மகத்தான கல்லூரி இன்று கல்லில் மட்டும் இருக்கிறது. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்து வேடிக்கை காட்டிய காளமேகமோ, 500 ஆண்டுகளுக்குப் பிறகும் ஜனங்களின் நாவில் இருக்கிறார். சொல்லை வைத்து விளையாடியவன் பொழுதைப் போக்கினானா, பொழுதை வென்றானா?

சரி, ஹாஸ்யத்தையும் புதிரையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறேன்? இரண்டும் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை நம்மிடம் கேட்பவை. வானொலி நாடகத்தில் வீடு இல்லை, மீசை இல்லை, முகபாவம் இல்லை. ஒரு கதவு கிறீச்சிடும். ஒரு டம்ளர் விழும். மிச்ச வீட்டை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' நிகழ்ச்சியில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நால்வர். நால்வருக்கும் நாலு விதத் தமிழ். வாயைத் திறந்தாலே ஆள் கண் முன்னே நிற்பார். 1976-ல் அது 'கோமாளிகள்' என்று சினிமாவாகவும் வந்தது. ஆனால் கேட்டவர்கள் அதற்கு முன்பே தங்கள் தலைக்குள் அந்தப் படத்தை எடுத்து முடித்திருந்தார்கள்! சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்னதும் அப்படித்தான். குரலை உயர்த்தாமல் கதையைச் சொல்லி, நுனியில் ஒரு சிரிப்பைத் தொங்கவிட்டுப் போய்விடுவார். பறித்துக்கொள்வது நம் வேலை. இன்றைய தொலைக்காட்சியில் நமக்கு அந்த வேலைகூட இல்லை. நமக்குப் பதிலாக அதுவே சிரித்தும் விடுகிறது.

குறுக்கெழுத்தும் வெற்றுக் கட்டங்களைக் காட்டி, "நீ வா" என்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 26-க்குள் விஷயம் முடிந்தது. நமக்கோ உயிரும் மெய்யும் கூடிய முழு எழுத்து ஒரு கட்டத்தில் அடங்க வேண்டும். இடமிருந்து வலம் 'கி' வந்தால் மேலிருந்து கீழும் 'கி'யே வர வேண்டும், 'கு' உதவாது. குறில் நெடிலைப் பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கட்டங்கள் குட்டாமலே சொல்லிக் கொடுக்கின்றன.

"பரிசுப் பணத்துக்காகக் குடும்பங்கள் பைத்தியமாக அலைந்தது தெரியாதா?" என்று பெரியவர் கேட்கலாம். தெரியும். பத்திரிகைப் போட்டிகளில் பணம் புகுந்து ஆட்டம் போட்டது. 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்து, மாதப் பரிசுக்கு 1,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. சூதாட்டம் வேறு, திறமையால் வெல்லுகிற போட்டி வேறு என்று 1957-ல் உச்ச நீதிமன்றமும் பிரித்துச் சொன்னது. குற்றம் பணத்தினுடையது, கட்டத்தினுடையது அல்ல. அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை 1924-ல் குறுக்கெழுத்தைப் பாவச் செயல் என்று திட்டியது. 1942-ல் அதுவே குறுக்கெழுத்துப் போடத் தொடங்கியது. பெரியவருக்கும் நான் 18 வருஷம் அவகாசம் தருகிறேன்.

இது எதிர்க்கட்சிக்கு. இனி என் கட்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதுதான் கசப்பானது.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பர். அன்று அவர் வீட்டில்தான் தங்கினேன். வானொலிப் பெட்டிக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்து அந்தக் காலத்தில் பதிந்த ஹாஸ்ய நாடகங்கள் அவரிடம் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. பீரோவுக்குப் பூட்டு, சாவி அவர் அரைஞாணில். யாருக்கும் இரவல் கிடையாது. "கொடுத்தால் திரும்பி வராதப்பா" என்பார். "அந்தக் காலம் போல வருமா!" என்று ஒரு பெருமூச்சும் விடுவார்.

நான் வற்புறுத்தியதன் பேரில் ஒரு நாடாவைப் போட்டார். நாடகத்தின் நடுவே, வானொலிக்குள்ளிருந்து அல்ல, அந்தக் கூடத்திலிருந்தே ஒரு பெண் சிரிக்கிறாள். "அம்மா," என்றார் நண்பர். அவள் காலமாகி வெகு காலமாயிற்று. அடுத்த நிமிஷம் ஒலி குழைந்தது, தேய்ந்தது, நின்றது. எடுத்துப் பார்த்தோம். நாடா நெடுகிலும் வெள்ளைப் பூஞ்சணம்.

இருவரும் வெகு நேரம் பேசவில்லை.

கடலுக்கு அருகே உள்ள நம் ஊர்களின் ஈரக்காற்று பீரோவுக்கும் பூட்டுக்கும் மரியாதை தராது. லண்டன் பி.பி.சி.யே தன் புகழ்பெற்ற 'கூன் ஷோ'வின் ஆரம்ப வருஷத்து நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியைப் பாதுகாக்கத் தவறிவிட்டது. காணாமற்போன வேறு பல நிகழ்ச்சிகள், வீட்டில் பதிந்து வைத்திருந்த நேயர்கள் கொடுத்ததால்தான் அதற்குத் திரும்பக் கிடைத்தன. கொடுத்தவர்களால் பிழைத்தது, பூட்டியவர்களால் அல்ல.

யோசித்துப் பாருங்கள். மௌனமாக உட்கார்ந்து ஒரு கவிதையைத் தனியே ரசிக்கலாம். விடுகதையைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியுமா? ஹாஸ்யத்தைத் தனக்குத் தானே சொல்லிச் சிரிக்கிறவனை உலகம் என்ன பெயர் சொல்லி அழைக்கும்? இவை இரண்டும் பிறப்பிலேயே இரண்டாவது ஆளுக்காகப் பிறந்தவை. ஏளனம் செய்கிற பெரியவர் இவற்றுக்கு வெளியிலிருந்து விரோதி. பூட்டி வைக்கிற ரசிகரோ உள்ளே இருக்கிற விரோதி. இருவரில் யார் அதிகக் கெடுதல் செய்கிறார் என்று கேட்டால், பூஞ்சணத்தைக் கண்ணால் கண்ட நான் சந்தேகமில்லாமல் பதில் சொல்வேன்.

மறுநாள் காலையில் நண்பர் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் மிச்ச நாடாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். எத்தனை பிழைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. பிழைத்தவை பத்துப் பேரிடம் போகும் என்று நண்பர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

விழுப்புரத்துப் பெரியவருக்கு ஒரு கார்டு போட்டேன். அதில் இரண்டே குறிப்புகள். ஒன்று: 'விழு என்றால் எழுந்து நிற்கும் ஊர்'. மற்றது: 'புளிய மரம் போய்ப் பஸ் நிலையம் வந்த வனம்'. இரண்டுக்கும் ஆறு எழுத்து. இரண்டும் கடைசிக் கட்டத்தில் சந்திக்கும். விடையை எழுதவில்லை. அவர் கண்டுபிடித்தாலும் சொல்லமாட்டார். ஆனால் பேரனைக் கூப்பிட்டுக் கேட்காமல் இருக்கமாட்டார்.

எனக்கு அது போதும்.