மண்ணைக் கவ்வியது யார்?

பிழை செய்தவன் தோற்றவன் என்று முடிவுகட்டிக் கைகொட்டி நகைப்பதற்கு உலகில் என்றும் ஆள் உண்டு. அந் நகைப்பு எத்துணைப் பொய்யானது என்பதற்கு ஒளிப்படிகத்தின் வரலாறே சான்று.

ஒளிப்படிகம் என்பது யாது? ஒளியலையின் நீளத்தை ஒத்த சிற்றிடைவெளிகளில், இருவேறு பொருள்கள் மாறிமாறி ஒழுங்குற அடுக்கப்பெற்ற கட்டமைப்பு. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் சிற்றலைகள் ஒன்றோடொன்று கூடி வலுப்பெறுங்கால், அந் நீளமுள்ள ஒளி உட்புக வழியின்றித் திருப்பப்படும். அப் பொருள் ஒளியை விழுங்குவதன்று. ஒழுங்கே ஒளியை மறிக்கின்றது! ஒரு திசையில் இத் தடை நிகழ்வதை இரேலி 1887ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். எத் திசையினின்று வரினும் ஒளியை மறிக்கும் முழுத்தடை இயலுமா? இதுவே நூறாண்டு கழித்து எழுந்த வினா.

1987இல் அமெரிக்காவில் ஈலை யாபுலோனோவிச்சும் சசீவு சானும் தனித்தனியே அக் கருத்தை வெளியிட்டனர். யாபுலோனோவிச்சு கருத்தோடு நின்றாரல்லர். கண்ணுறும் ஒளிக்கேற்ற நுண்துளைகளைக் குடைதல் அன்று அரிது. எனவே, அளவை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி, நுண்ணலைக்கேற்ற துளைகளைக் குடைந்து ஆய்ந்தார். விதி இரண்டிற்கும் ஒன்றே. 1989இல் முழுத்தடை கிட்டிற்று என அறிவித்தார்.

அது பிழை! அவர் கண்ட தடை சில திசைகளில் சுருங்கி இல்லாதொழிந்தது. ஒளி, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை. அவ் அதிர்வுக்கு இரு நிலைகள் உண்டு. இதனைப் புறந்தள்ளிப் போட்ட எளிய கணக்குகள் கைவிட்டன. முழுமையாகக் கணக்கிட்டபோதே உண்மை வெளிப்பட்டது. உடனே, 1990இல், அக் கருத்தே மண்ணைக் கவ்விற்று என்னும் பொருள்படத் தலைப்பிட்டு எழுதிற்று 'நேச்சர்' இதழ்.

பிழையைச் சுட்டியது குற்றமன்று, அது கடமை. ஒரு வடிவம் தோற்றதைக்கண்டு கருத்துக்கே பாடை கட்டியதுதான் குற்றம்! அதே ஆண்டில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோ முதலிய மூவர், வயிரத்தின் அணுவடுக்கைப் போன்ற அமைப்பில் முழுத்தடை உண்டு எனக் கணக்கிட்டு நாட்டினர்.

யாபுலோனோவிச்சு தம் பழைய அறிவிப்பைக் கட்டிக்கொண்டு அழுதாரா? கணக்கிட்டவரைப் பழித்தாரா? இல்லை. மீண்டும் துளைக்கருவியை எடுத்தார். ஒவ்வொரு புள்ளியிலும், நேர்க்குத்தினின்று ஏறத்தாழ 35 பாகை சாய்த்து, ஒன்றுக்கொன்று 120 பாகை விலக்கி, மும்மூன்று துளைகள் குடைந்தார். வயிர அமைப்புக்கு உறவான வடிவம் பிறந்தது. 1991இல் முழுத்தடை உறுதியாயிற்று. அவ் வடிவுக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகின்றது.

தடுப்பதால் என்ன பயன் என்பார்க்கும் விடை உண்டு. தடுக்க வல்லவனே செலுத்தவும் வல்லவன். ஒழுங்கான அடுக்கில் ஒரு வரிசையை மட்டும் மாற்றிவிடின், தடைப்பட்ட ஒளிக்கு அதுவே பாதை. கூரிய வளைவிலும் அது சிதறாது திரும்புமாறு அமைக்கலாம். 1999இல் பிலிப்பு இரசல் குழுவினர், கண்ணாடி இழையின் நடுத்துளையில், காற்றினூடே, ஒளியைச் செலுத்திக் காட்டினர்.

இப்பொழுது சொல்லுங்கள்: மண்ணைக் கவ்வியது யார்? பிழையை ஏற்று மீண்டும் குடைந்தவரா? முடிவு காணுமுன் முடிவுரை எழுதியவரா? செய்தவன் பிழையைச் செய்தவனே திருத்திக்கொள்வான். நகைத்தவன் பிழையைத் திருத்துவார் யார்?