சமையற்கட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர்

2013இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் எங்கள் வீட்டு ஹாலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஃபேனை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. மகளை மொட்டைமாடிக்கு விரட்டியாயிற்று. சோஃபாவின் நடு இருக்கையில், என் கணவர் உட்கார்ந்தால் அவருடைய காது வரும் உயரத்தில், கேமரா ஸ்டாண்டின் மேல் ஒரு சின்ன மைக். புதிதாக வந்திறங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் ஒலியை அனுப்பி, அது எவ்வளவு நேரத்தில், எந்த அளவில் மைக்கை வந்தடைகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ஸ்பீக்கர் முறை வந்தபோது குக்கர் விசிலடித்தது. டிவி திரையில் எச்சரிக்கை: சுற்றுப்புற இரைச்சல் அதிகம், மீண்டும் முயலவும்.

"ஏம்மா, அந்தக் குக்கரை இப்பத்தான் வைக்கணுமா?"

குக்கரில் இருந்தது மதியச் சாம்பாருக்கான பருப்பு. அது அவருக்கும் சேர்த்துத்தான் வெந்துகொண்டிருந்தது.

ஓசை, ஒலி, அரவம், சந்தடி, ஆரவாரம் என்று தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்க, என் வேலையின் சத்தத்துக்கு அந்தக் கருவி இரைச்சல் என்று பெயர் வைத்தது. கருவிமேல் எனக்குக் கோபமில்லை. அது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: இந்த வீட்டில் கேட்கிறவர் எங்கே உட்கார்கிறார்? எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு என்னைக் கேட்காமலேயே பதில் சொல்லப்பட்டது. என் சண்டை அந்தப் பதிலோடு.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொள்ளும், தூரத்தில் இருப்பது பிந்தும். எல்லாம் ஒரே கணத்தில் ஒரு தலையை வந்து சேரவேண்டுமானால் அருகிலிருப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தவேண்டும். மைக்கை முதலில் வைக்கும் இடமே அந்தத் தலையின் இடம். ஆடிசி என்ற அளவீட்டு முறையில் எட்டு இடங்கள் வரை மைக்கை நகர்த்தி வைக்கலாம். ஆனாலும் தூரக் கணக்கு முதல் இடத்துக்குத்தான். மற்றவர்களுக்குக் கிடைப்பது மிச்சம்.

நான் அந்த மிச்சத்தில்கூட உட்கார்ந்ததில்லை. சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று படம் பார்த்தேன். சுவரைத் தாண்டி வருவது தாழ்ந்த அதிர்வு மட்டும்தான்; பேச்சின் மெல்லிய ஒலிகள் சுவரோடு நின்றுவிடும். கடைசிக் காட்சிகளில் வெடித்த கார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஏன் வெடித்தன என்று தெரியாது.

ரிசீவரைத் தூசி தட்டுவது மட்டும் என் வேலை. மேலே உள்ள காற்றுத் துளைகளில் ஒட்டடை சேரும், பின்னால் வயர்க்காட்டில் பல்லி முட்டையிடும். துடைக்கலாம், தொடக்கூடாது. "குமிழைத் திருகிறாத, செட்டிங் மாறிரும்." என் மாமியாருக்கும் இதே எச்சரிக்கைதான். அத்தை தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கும்போது ஏதோ குலசாமி பெட்டியைத் தொடுவதுபோல் தொடுவார்.

இந்தக் கருவியில் ஒலியளவு மைனஸில் ஓடும். 0 என்பது திரையரங்கின் அளவு. அவர் பார்க்கும்போது மைனஸ் 18. அவர் இல்லாத மதியங்களில், யாருமே வீட்டில் இல்லாதபோதும், நான் வைத்துக்கொண்டது மைனஸ் 42. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பொம்பளை சிரித்தால் போச்சு என்று கேட்டு வளர்ந்த கை தானாகக் குறைத்தது.

சரவுண்ட் சவுண்ட் என்றால் ஏதோ ஆண்கள் கண்டுபிடித்த அனுபவம்போல் பேசுகிறார்கள். சுற்றிலும் இருந்து வரும் ஒலியைப் பெண்களைவிட யாருக்குத் தெரியும்? பின்னால் குழந்தை இருமுகிறது, இடப்பக்கம் பால் பொங்குகிறது, வாசலில் கேட் கிறீச்சிடுகிறது, மேலே தண்ணீர்த்தொட்டி நிறைந்து வழிகிறது. குறுந்தொகை 138இல் ஊரே உறங்கியபின் உறங்காமல் கிடப்பவர்கள், வீட்டுக்கு அருகே நொச்சிப்பூ உதிர்வதைக் கேட்கிறார்கள். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போது அதன் அழகைச் சொல்வேன். அத்தனை கூர்மையாகக் கேட்கவேண்டியிருக்கிற நிலைமையைச் சொல்வதற்கு எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. எங்கள் காது எப்போதும் டியூட்டியில் இருக்கிறது. சோஃபாவின் நடு இருக்கையின் சுகம் ஒலியின் துல்லியத்தில் மட்டும் இல்லை. அங்கே உட்கார்ந்தவரின் காதுக்கு வேறு வேலை இல்லை. அந்த விடுப்பைத்தான் நான் கேட்கிறேன்.

1983இல் 'ஸ்டீரியோஃபைல்' என்ற அமெரிக்க இதழில் ஒரு சொல் அச்சேறியது: மனைவி ஒப்புதல் அளவு. ஒரு ஸ்பீக்கரை வாங்கி வந்தால் வீட்டுக்காரி எவ்வளவு முகஞ்சுளிப்பாள் என்பதற்கு ஓர் அளவுகோல். கருவியின் பருமன், நிறம், தொங்கும் வயர் இவற்றுக்குத்தான் மதிப்பெண். அவளுக்குக் காதும் உண்டு என்பது அந்த அளவுகோலில் இல்லை. நகைச்சுவையாம். இன்றும் ஒலிப்பிரியர்கள் நடுவில் புழங்குகிறது.

அந்தச் சொல்லை அறியாத ஊரிலும் அந்தப் புத்தி உண்டு. 2021இல் ஓர் இடிமழை இரவில் பழைய ரிசீவர் போய்விட்டது. புதியதற்கு என் சம்பளக் கணக்கிலிருந்து பணம். அதற்குள் கையேட்டை இரண்டுமுறை படித்திருந்தேன். கடையில் கேட்டேன்: "ஸோன் 2-வுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கா, இல்ல சரவுண்ட் பேக்கோடதை எடுத்துக்குமா?" பையன் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னான்: "பேக்கோடதைத்தான் சார் எடுத்துக்கும்." என்னைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொன்னான்: "மேடம், கேபினெட்டுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டா வெளிய தெரியவே தெரியாது." மூடிய அலமாரியில் ரிசீவரை வைத்தால் சூட்டில் அதன் ஆயுள் குறையும். அதை நான் சொன்னேன். அவன் சாரைப் பார்த்துச் சிரித்தான்.

ரசீது என் பெயரில் இருக்கிறது. இதைக் கணவர் படிப்பார், படிக்கட்டும்.

ஸோன் 2 என்பது வேறொரு அறைக்குத் தனியாக ஒலி அனுப்பும் வசதி. தனி ஒலியளவு, தனிப் பாட்டு. எங்கள் பழைய ரிசீவரிலும் அது இருந்தது. எட்டு வருடம் யாரும் தொடவில்லை. ஏழு சேனல் கருவியில் ஐந்து ஹாலுக்குப் போக மீதி இரண்டு. அவற்றை நடு இருக்கைக்குப் பின்னால் வைக்கலாம், அல்லது இன்னொரு அறைக்குக் கொடுக்கலாம். "பின்னாடி ரெண்டையும் எடுத்துட்டா 7.1 போயிருமே" என்றார். எங்கள் ஹால் பதினொன்றுக்குப் பதினைந்தடி. சோஃபா சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கே பின் ஸ்பீக்கருக்குப் பெரிதாக வேலை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது அந்த எண்.

பன்னிரண்டு மீட்டர் வயர் வாங்கினேன். நகவெட்டியால் தோலை உரித்து, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் திருகினேன். அன்று மாலை சமையற்கட்டில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். என் ரிசீவரில் டிவியின் ஒலி அங்கே போகாது. பாட்டு போகும், வானொலி போகும். ஹாலில் அவருடைய கிரிக்கெட், இங்கே என் நாகஸ்வரம்.

தோழி ஒருத்தி கேட்டாள்: "அடுப்படியிலயே கெடந்து சந்தோஷமாப் பாட்டுக் கேளுன்னு சொல்றியா?" நியாயமான அடி. இரண்டு ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொண்டால் அதுதான் நடக்கும். தோழர்களின் கேள்வி வேறு. ஒரு கவிஞர் வீட்டில் எதற்கு இந்த நுகர்வுப் பண்டம் என்கிறார்கள். ஆண் எழுத்தாளர் இசைத்தட்டு சேர்த்தால் அது ரசனை. நான் ரிசீவர் வாங்கினால் ஆடம்பரம். தனி அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இலேயே எழுதிவிட்டார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் ஹாலே ஓர் அறைதான். அதற்குள் யாருடைய காது முதல் காது என்ற சண்டையை எங்கே போய்ப் போடுவது?

மாணவிகளே, கையேட்டைப் படியுங்கள். 'உனக்குப் புரியாது' என்று சொல்லப்படும் பொருள் எதுவானாலும் முதலில் அதன் கையேட்டைப் படியுங்கள். அதிலிருப்பது ஐங்குறுநூற்றைவிடக் கடினமில்லை.

சென்ற வருடம் என் அம்மா எங்களோடு வந்துவிட்டார். வயது 74. டிவியில் யாராவது பேசினால் "என்னடி சொன்னான்?" என்பார். மூப்பில் முதலில் போவது கூர்மையான ஒலிகள். சகரமும் ஸகரமும் கரைந்துவிட, குரல் கேட்கும், சொல் புரியாது. படங்களின் பின்னணி இசை அதையும் மூழ்கடிக்கும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். அன்று முழுப்படத்திலும் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா காலத்தில் இதே அம்மா எத்தனை படத்தைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டிருப்பார்!

என் ரிசீவர் ஒரே ஓர் அளவீட்டைத்தான் வைத்துக்கொள்ளும். புதிது எடுத்தால் பழையது அழிந்துவிடும். போன மாதம் ஒரு ஞாயிறு, அம்மாவின் பிரம்பு நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவே மைக்கை வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். சமையற்கட்டில் குக்கர் ஏறவே இல்லை. எட்டு இடமும் அளந்து முடிக்கும்வரை ஏறாது என்று சொல்லிவிட்டேன். சாப்பாடு இரண்டரைக்கு.

சாயங்காலம் நடு சோஃபாவில் உட்கார்ந்தவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "சத்தம் ஒரு பக்கமாப் போயிருச்சே."

"ஆமா."

"மறுபடி அளக்கணும். மைக் எங்க?"

மைக் என் பீரோவில், சுங்குடிச் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.