பார்த்துக்கொள்பவருக்கு என்ன உண்டு?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆலையில் பணிபுரியும் சங்க அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். ஊரில் தனித்திருந்த தாயாருக்குப் பக்கவாதம் கண்டதும் இங்கே கொண்டுவந்துவிட்டார். இரவில் மும்முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அப்பணி முழுவதும் அவர் மனைவியார்மேல் விழுந்தது. தையல் வேலையையும் அந்த அம்மையார் விட்டுவிட்டார்.

"சர்க்காரில் ஏதாவது உண்டா, சார்? அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை; இவளுக்கு" என்றார்.

காகிதங்களோடே காலந்தள்ளும் ரெயில்வே குமாஸ்தாவாகிய நமக்கே விடை காண நாலு நாள் பிடித்தது.

முதலில் தாயாருக்குரியது. மத்திய சர்க்காரின் முதியோர் உதவித்தொகை வறுமைக் கோட்டின் கீழுள்ளோருக்கு மட்டுமே: 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500. பத்தாண்டுகளுக்கு மேலாக இத்தொகை அசையவில்லை. அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கைச் சேர்க்கிறது. பெயர்ந்து வாழும் நம்மவருக்கு இடர் இங்கேதான். ஊரில் பெற்றுவந்த தொகை தாயாரோடு ரெயிலேறி வராது. இங்குப் புதிதாக மனுச் செய்தாலோ, பல மாநிலங்களில் இத்தனை ஆண்டு குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள்.

உடற்குறை அடையாள அட்டை மட்டும் அப்படியன்று; நாடெங்கும் அது செல்லும். பக்கவாதத்தால் கை கால் முடங்கியவர்களும் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதுமைதானே என்று விட்டுவிடுகிறோம்.

இனி அன்பரின் உண்மையான கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி அளிப்பதையும் சர்க்காரின் திட்டங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் "பொருளாதார வல்லமையின் எல்லைக்குள்" என்று ஒரு சொற்றொடரையும் வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்! அந்தச் சிறு கதவு வழியே பல மாநிலங்கள் வெளியேறிவிட்டன.

எல்லோரும் அல்லர். கேரளத்தில் 'ஆசுவாசகிரணம்' என்னும் திட்டம், படுக்கையில் கிடப்போரைக் கவனிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் வகுத்தது. அறுநூறு பெரிய தொகையா? அன்று. எனினும், அடுக்களைக்கும் கட்டிலுக்கும் இடையே நடப்பது ஓர் உழைப்பு என்று ஒரு சர்க்கார் தன் கணக்கேட்டில் எழுதிவிட்டது. நாமோ நம் வீட்டிலேயே, "சும்மாதானே இருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சர்க்காரைக் குறைகூறுமுன் இதை நினைத்து நமக்கே சற்று வெட்கமாயிற்று.

அதே சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, மிகுந்த துணை வேண்டும் என்று நோயாளியின் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். நம் சங்கமும் ஓர் அமைப்பே. ஒருவர் கேட்டால் "திட்டம் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். நாற்பது வீடுகள் எழுத்தில் கேட்டால் கோப்பாவது திறக்கும். கிடைத்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை.

அன்பரின் மனுவை எழுதி முடித்தோம். பராமரிப்பவர் என்ற இடத்தில் அவர் தம் பெயரை இடப்போனார். நாம் தாளை வாங்கி அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் நெடுநேரம் அதைப் பார்த்திருந்து, பின்பு தமிழில் கையெழுத்திட்டார்.

வரும் ஞாயிறு மாலை சங்க வாசகசாலையில் இருப்போம். இத்தகைய நிலையில் உள்ளவர்கள் மருத்துவமனைச் சீட்டு, ஆதார் அட்டை, இரண்டு புகைப்படங்களோடு வருக. கவனித்துக்கொள்பவரையும் அழைத்து வருக. அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் வேறொருவர் இருக்க ஏற்பாடு செய்துவிட்டு.