பால்மரத்து வெள்ளைத் திட்டு

கெடா மாநிலத்துக் கூலிம் பக்கமுள்ள பாடாங் மேஹா வட்டாரத்தில் கிழட்டுப் பால்மரம் ஏதாவது கண்ணில் பட்டால், கத்தி படாத மேல்பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெளுத்த திட்டுகள் அப்பியிருக்கும். மரத்துக்குச் சீக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது லைக்கன், ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும், பாசி வெயிலில் சமைக்கும். மரத்திடம் உட்கார இடம் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

கறி மசாலாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். மளிகைக் கடையில் அதைப் பொட்டலமாக வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, அதன் ஒன்றுவிட்ட உறவு வடதுருவத்து மான்களின் குளிர்காலத் தீனி என்பது தெரியும்?

வட அமெரிக்காவில் அந்த மானுக்குக் கரிபூ என்று பெயர். மிக்மாக் பழங்குடி மொழியில், பனியை வாருகிறவன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர். பச்சையெல்லாம் அடங்கிய குளிரில், மோப்பம் பிடித்து, அகன்ற குளம்பால் பனியைத் தோண்டி, அடியில் கிடக்கும் லைக்கனை அது மேய்கிறது. வேறு விலங்குகள் பெரும்பாலும் தொடாத தீனி. கரிபூவின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துச் செரிக்க வைக்கின்றன. அதில் புரதம் மிகக் குறைவு. அதனால், சிறுநீரில் போக வேண்டிய யூரியாவில் ஒரு பங்கை உடம்பே இரைப்பைக்குத் திருப்பி அனுப்பிக்கொள்கிறது. சிக்கனத்தில் லயத்து வீட்டுப் பாட்டிகளையே மிஞ்சும் ஏற்பாடு!

லைக்கனோ அதைவிடக் கெட்டிக்காரி. காய்ந்தால் தூங்கும், நனைந்தால் விழிக்கும். ஆனால் வளர்ச்சி மட்டும் ஆமை நடை. துருவத்தில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். அலாஸ்காக் கரைக்கு அப்பால் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு உண்டு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டது. கரிபூவும் அவையும் ஒரே இனம். 1963இல் அவை 6,000 ஆகிவிட்டன. லைக்கன் மேய்ந்து தீர்ந்தது. அடுத்து ஒரு கொடுங்குளிர். 1966இல் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியவை 42.

வேரில்லாத உயிர் என்பதால் லைக்கன் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் தின்கிறது. நல்லதும் கெட்டதும் அப்படியே உள்ளே போகும். 1866லேயே நைலாண்டர் என்ற அறிஞர் பாரிஸ் லக்சம்பர்க் பூங்காவின் லைக்கன்களை வைத்து, அந்நகரத்துக் காற்றின் தரத்தைப் பேசினார். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஸ்காண்டிநேவியாவின் லைக்கன் கதிரியக்கச் சீசியத்தைப் பிடித்து வைத்தது. அதை மேய்ந்த கலைமான்களின் இறைச்சியை அங்குள்ள சாமி இனத்து மக்கள் வீசியெறிய வேண்டியதாயிற்று.

கூலிமில் 1996 முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இயங்குகிறது. புகைமூட்டமும் அவ்வப்போது வந்து போகிறது. காற்றைக் கவனிக்க வேண்டிய ஊர்கள் இவை. பால்மரமோ இருபத்தைந்து முப்பது ஆண்டில் வெட்டுப்படுகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை வருகிறது. பட்டையில் மெல்லப் படர்ந்த கணக்கும் மரத்தோடு லாரி ஏறிப் போய்விடுகிறது.

தோட்டம் முழுவதையும் காப்பாற்று என்று கேட்பது நடக்கிற காரியமில்லை, மறுநடவு நிற்காது. கோயில் பக்கத்திலோ தமிழ்ப்பள்ளி வேலியோரத்திலோ ஒரு நிரை பால்மரத்தை விட்டுவைத்தால் நிர்வாகத்துக்குப் பெரிய நட்டமில்லை. ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் அடிக்கோலும் ஒரு நோட்டும் கொடுத்தால் போதும். திட்டின் விளிம்பை ஆண்டுக்கொருமுறை அளந்து, தேதியோடு எழுதி, அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கட்டும். சுற்றுச்சூழல் தினத்துக்கு வரைந்து ஒட்டும் சுவரொட்டிகளைவிட இதில் அறிவியல் அதிகம்.

ஆண்டின் தொடக்கத்து வறட்சி முடிந்து முதல் மழை இறங்கும் நாள் தொடங்கலாம். சாம்பலாகக் கிடந்த திட்டு நனைந்ததும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை பிடிக்கும்.