பூனையைச் சாக்கில் கட்டினால் காபட் சுத்தமாகுமா?



எங்கள் பள்ளிக் காபட்டில் பூனை மூத்திர வாடை அடிக்கிறது. உண்மைதான். இரண்டாம் ஸப்பில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஸுஜூதுக்குப் போகிறார்கள். இதற்கு ஜமாஅத்தில் சிலர் கண்டுபிடித்திருக்கும் மருந்து என்ன தெரியுமா? தாய்ப் பூனையையும் நாலு குட்டிகளையும் உரப்பையில் போட்டுக் கட்டி, இரவோடு இரவாகக் கருவாட்டு வாடிப் பக்கம் விட்டுவிடுவது. அந்த வேலையும் மோதினார் தலையில்தான். நமக்கு மணக்காத காபட் வேண்டும், பாவம் மட்டும் அவர் கணக்கில் எழுதப்பட வேண்டும்!

இது பாவம். அதோடு, இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டையும் சொல்கிறேன்.

"வாடியில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்கிறார்கள். பால் குடிக்கிற குட்டி மீன் தின்னுமா? வாடி நாய்கள் அதைச் சும்மா விடுமா? காயப்போட்ட மீனைக் காக்கிறவர் தாய்ப் பூனைக்குப் பாய் விரித்து வைப்பாரா? பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நாம் மத்ரஸாவில் ஓதினோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். அவள் கட்டியது வீட்டில். நாம் கட்டப்போவது உரப்பையில். வித்தியாசம் அவ்வளவுதான். நாட்டுச் சட்டமும் இருக்கிறது: மிருக வதையைத் தடுக்க 1907 இலேயே 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது.

2023 றமழானில் அல்ஜீரியாவில் இமாம் வலீத் மெஹ்ஸாஸ் தராவீஹ் தொழுவிக்கும்போது ஒரு பூனை அவர் தோளில் ஏறியது. அவர் ஓதுவதை நிறுத்தாமல் அதைத் தடவிக்கொடுத்தார். அந்த வீடியோவை "மாஷா அல்லாஹ்" போட்டு வட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்கள்தான் இன்று சாக்குத் தேடுகிறார்கள். அல்ஜீரியாப் பூனை ரஹ்மத், எங்கள் ஊர்ப் பூனை தொல்லையா?

இனி பிரயோசனத்துக்கு வருவோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வாடை பூனையில் இல்லை, காபட்டுக்கு அடியில் இருக்கிறது. மூத்திரத்தில் உள்ள யூரியாவை பக்டீரியா உடைக்கும்போது அமோனியா வரும். யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. நார்களுக்குள் உப்பாகப் படிந்து கிடந்து, காற்றில் ஈரம் ஏறும்போது திரும்ப மணக்கும். நமது ஊரோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஆகவே பூனைகளை இன்றிரவே நாடு கடத்தினாலும் அடுத்த மழைக்கு வாடை எழும்பும். அப்போது யாரைச் சாக்கில் கட்டப் போகிறோம்?

இதுவரை நாம் என்ன செய்தோம்? ஒரு வாளித் தண்ணீரில் மொப்பை நனைத்துத் துடைத்தோம். பிறகு அதே வாளி, அதே மொப். மத்ஹபுச் சட்டம் தெரிந்தவர்கள் யோசியுங்கள்: கொஞ்சத் தண்ணீரில் நஜீஸ் பட்டால் தண்ணீரே நஜீஸ். ஒரு முழ நஜீஸை நாம் ஒரு ஸப்பு முழுக்கப் பரப்பினோம். மேலே அத்தர் தெளித்தோம். ஒருமுறை குளோரினும் ஊற்றப்பட்டது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஆஸ்துமாக்காரர்கள் தொழுகிற இடம் அது.

சரியான முறை பெரிய வித்தையல்ல.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச்சை இருட்டில் அடித்தால் பழைய கறை மங்கலாக ஒளிரும். ஈரமாக இருந்தால் பழந்துணியை வைத்து அழுத்தி உறிஞ்ச வேண்டும். தேய்த்தால் உள்ளே இறங்கும். கொதிதண்ணீர் வேண்டாம், சூடு கறையை இறுக்கிவிடும். பாதி வினாகிரி, பாதித் தண்ணீர் கலந்து, அடிவரை நனையும்படி ஊற்றி உறிஞ்சி எடுங்கள். அதன்மேல் அப்பச்சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காய்ந்ததும் இழுத்தெடுங்கள். பழைய கறைக்குச் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதியக் கரைசல்தான் கேட்கும். அதை வேறெதனுடனும் கலக்காமல், போத்தலில் எழுதியுள்ள நேரத்துக்கு ஊறவிட வேண்டும்.

கடைசியில் சுத்தமான தண்ணீர். இதை மறக்க வேண்டாம். வினாகிரி வாடையை எடுக்கும், தஹாரத்தைத் தராது. மூத்திரத்தின் பொருள் நீங்கிய இடத்தில் தண்ணீரை ஊற்றி ஓடவிட வேண்டும். முயன்றும் போகாத நிறமோ மணமோ ஒன்று மட்டும் மிஞ்சினால் ஷாபிஈ மத்ஹபில் மன்னிப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் ஹஸ்ரத்திடம் கேளுங்கள். பிறகு காபட்டைத் தூக்கி வெயிலில் போடுங்கள். புத்தளத்து வெயிலுக்கு யாரும் பில் அனுப்பப் போவதில்லை.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு கிராமத்து அரபி சிறுநீர் கழித்தபோது ஸஹாபாக்கள் பாய்ந்தார்கள். நபி ﷺ அவர்கள் தடுத்தார்கள். அவர் முடிக்கட்டும் என்று விட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். "அது மண் தரை, இது காபட்" என்று ஒரு நானா கேட்டார். நியாயமான கேள்வி. மண் தரைக்கு ஒரு வாளி போதும், காபட்டுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆனால் அழுக்கைத்தான் கழுவ வேண்டும், அழுக்காக்கியவரை அடிக்கக் கூடாது என்ற பாடம் தரைக்குத் தரை மாறாது.

இனிமேல் வராமல் இருக்க: சுபஹுக்குப் பிறகு கதவைச் சாத்துங்கள். கஞ்சி மிச்சத்தையும் மீன் குடலையும் பள்ளி மதிலோடு கொட்டாதீர்கள். பின்பக்கம் ஒரு தாச்சியில் கடல் மண் வையுங்கள். பூனைக்குக் காபட்டைவிடத் தோண்டி மூடுகிற மண்தான் விருப்பம். கடல் மண்ணுக்கா நமக்குப் பஞ்சம்? தூணிலும் திரையிலும் பீச்சுவது கடுவன் பூனையின் வேலை. அதற்குக் கருத்தடை பற்றி உலமாக்களிடமும் மிருக வைத்தியரிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் இதுதான். சாக்கைத் தள்ளி வையுங்கள். இரண்டு கிழமை தாருங்கள். வினாகிரியும் சோடாவும் என் செலவு. பத்தாம் தரப் பிள்ளைகள் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் ஒரு வாளியோடு வாருங்கள். குட்டிகள் கண் திறந்து, பால் மறந்தபின் வளர்க்க ஆசைப்படுகிற வீடுகளுக்குக் கொடுப்போம். இரண்டு வீட்டார் இப்போதே கேட்டிருக்கிறார்கள்.

மோதினாரிடம் யாராவது உரப்பையை நீட்டினால், அதை அவர் கையிலிருந்து வாங்கி, நீட்டியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.